கடலுக்குப் போன குட்டிக் கிட்டார்

"கிட்டார்ல ஒரு குறையும் இல்ல தம்பி. ஒங்க ஆளுகளுக்குத்தான் காது இல்ல."

ஒரு வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே நான் இப்படிச் சொல்லியிருக்கிறேன். நாகர்கோவிலில் இசைக்கருவிகள் விற்கிற கடை ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் நான். பில் எழுதப் போய், ஐந்தாறு வருடத்தில் கிட்டார் செட்டப் செய்கிறவளாக மாறினேன். தந்தி மாற்றுவது, வளைந்த கழுத்தை நிமிர்த்துவது, சுருதி சேர்ப்பது எல்லாம் என் மேஜையில்தான் நடக்கும். எனக்கு முன்கோபம் உண்டு. என் வேலையில் யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் வந்துவிடும். எத்தனையோ பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், பாதியை மறந்தும் போனேன். இந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. அன்றைக்குக் காது இல்லாமல் இருந்தது எனக்குத்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர், "அக்கா, ஒங்க அனுபவத்தை எழுதுங்க" என்று கேட்கிறார்கள். சாமர்த்தியமாக முடித்த வேலைகளை எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும், உங்களுக்கு உபயோகம் இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

1. சவலை

எங்கள் முதலாளியைக் கடையில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆர்மோனியத்தில் ஊறின மனிதர். பஜனை கோஷ்டிக்காரர்கள் வந்தால் ஆர்மோனியத்தைத் தானே வாசித்துக் காட்டித்தான் விற்பார். கிட்டார் அவருக்கு ஆகாது. "அது ஒனக்க டிப்பார்ட்மென்ட்" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தேவாலயப் பாடகர் குழுக்கள் வந்து கிட்டார் கிட்டாராக அள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் என் டிப்பார்ட்மென்டைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பார்.

ஒரு நாள் வந்த பார்சலில் ஒரு குட்டி எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. நாங்கள் கேட்டு வரவழைத்ததல்ல, மற்ற சரக்கோடு கம்பெனிக்காரர்களே சேர்த்து அனுப்பியிருந்தார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. உடம்பு ஒரு முறத்தில் பாதிகூட இல்லை. கழுத்தும் குட்டை. கிட்டாரில் தந்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதிர்கிற நீளத்தை ஸ்கேல் என்போம். வழக்கமான எலெக்ட்ரிக் கிட்டாரில் அது இருபத்தைந்தரை அங்குலம். இதில் இருபத்திரண்டே முக்கால்.

அண்ணாச்சி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஏட்டி ஜெசி, இது என்னட்டி? சவலைப் பிள்ளை மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து கடையில் அதற்கு சவலை என்றே பெயர். நானும் அதை மதிக்கவில்லை. பிறந்தநாள் பரிசு தேடி வருகிறவர்களின் கண்ணில் படட்டும் என்று தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டினேன். நாலு மாதம் அங்கேயே தொங்கியது.

2. தலைமாட்டில் வைக்க ஒரு கிட்டார்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கின வாரத்தில் ததேயு வந்தார். மேற்குக் கடற்கரையின் ஒரு ஊர்க்காரர், நாற்பது வயது தாண்டியவர். ஆழ்கடல் போட்டில் தொழில். ஒரு தடவை போனால் நாற்பது நாள் கழித்துத்தான் கரை. கடைக்குள் வந்தவர் நேரே கண்ணாடிக்குள் கைகாட்டினார்.

"அந்தக் குட்டி சாதனம் வேணும் அக்கா."

"பிள்ளைக்கா தம்பி? எத்தனை வயசு?"

"எனக்காக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து அளவுநாடா எடுத்துக் கிட்டாரை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார்.

"போட்டுல எனக்குப் படுக்க ஒரு பலகை உண்டு. தலைமாட்டுல இவ்வளவு இடந்தான் மிச்சம். இது செரியா கொள்ளும்."

பெரிய கிட்டார் ஏன் ஆகாது என்று அவரே விளக்கினார். போட்டில் யாரோ ஒருத்தர் கொண்டுபோன மரப்பெட்டிக் கிட்டார் உப்புக்காற்றில் பசை விட்டு, ஒரே பயணத்தில் அடிப்பலகை பிளந்து போனதாம். எஞ்சின் இரைச்சலில் அதன் சத்தமும் கேட்கவில்லையாம். இது உள்ளே பொந்து இல்லாத ஒரே கட்டை, பிளக்க ஒன்றும் இல்லை. பேட்டரியில் ஓடும் சோப்புப் பெட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்றைச் செருகிவிட்டால் சத்தமும் வரும். இதையெல்லாம் அவரே யோசித்து வைத்திருந்தார். கிட்டார் விற்கிற எனக்கு நாலு மாதமாகத் தோன்றாத உபயோகம் அது.

"முன்ன வாசிச்சுப் பழக்கம் உண்டா?"

"தொட்டதே இல்ல. ஒரே ஒரு பாட்டு படிச்சாப் போதும்."

அந்த ஒரு பாட்டின் கதையைப் பிறகுதான் சொன்னார். போட்டில் அவரோடு சேர்த்துப் பத்துப் பேர். சாயங்காலம் எல்லாரும் கூடி ஜெபம் சொல்லுவார்கள். முடிவில் ஒரு மாதா பாட்டு. அதைத் தொடங்கிவைக்கிறவன் அவருடைய தம்பி கிளீட்டஸ். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெருங்காற்றில் கடலோடு போனவன்.

"அவன் தொடங்கினா எல்லாருக்கும் தானா வரும் அக்கா. அவன் போன பெறவு நாங்க ஒவ்வொருத்தரும் தொடங்கிப் பாத்தோம். ரெண்டாவது வரியில பிஞ்சு போவும். ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. இப்ப பாட்டே இல்ல. ஜெபத்த மட்டும் சொல்லிட்டு எந்திச்சிருவோம். எனக்குப் பாடத் தொண்டை கிடையாது. இதாவது தொடங்கிக் கொடுக்குமாண்ணு பாக்கேன்."

முதலில் சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தடைக்காலம் முழுக்க வாரம் இரண்டு நாள் வந்தார். மொபைலில் வீடியோ பார்த்து வீட்டில் பழகுவார், சந்தேகத்தை என்னிடம் கேட்பார். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் முதல் வாரம் விரல்நுனி வலிக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். அவரிடம் வலிக்கிறதா என்று கேட்டேன். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். இருபது வருடம் தூண்டில் கயிறு இழுத்த கை அது. கிட்டார் தந்தி அந்தக் கைக்கு நூல்தான்.

வலியைவிட வேறு சிக்கல் இருந்தது. அவர் பிடிக்கிற பிடியில் தந்தி நசுங்கிச் சுருதி ஏறியது. குட்டைக் கழுத்தில் தந்தி கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கும், அழுத்தினால் உடனே பிசகும். மெல்லிய தந்திகளைக் கழற்றிவிட்டுத் தடித்த செட் போட்டேன். தந்திகள் முடிகிற பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் அவர் கைப்பிடிக்குத் தகுந்தபடி திருகி வைத்தேன். சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவதைக் கார்டு என்போம்; டி, ஜி, ஏ என்று மூன்று கார்டு. அந்தப் பாட்டுக்கு அது போதும். கடைசி நாள் அவர் வாசித்தபோது அண்ணாச்சி ஆர்மோனியத்தை விட்டுத் தலை நிமிர்ந்து, "சவலை தேறிட்டு" என்றார்.

சுருதி சேர்க்க ஒரு கிளிப் டியூனரும் கொடுத்து அனுப்பினேன். துணி காயப்போடும் கிளிப் மாதிரி கிட்டாரின் தலையைக் கவ்விக்கொள்ளும் கருவி. காற்றில் வருகிற சத்தத்தை அது கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும். தந்தியை மீட்டினால் திரையில் ஸ்வரத்தின் எழுத்து வரும். முள் நடுவில் நின்றால் பச்சை விளக்கு எரியும்.

"பச்சை எரியாம வாசிக்கப்பிடாது. ஒலகம் பூரா இந்தக் கணக்குதான்" என்று கறாராகச் சொன்னேன். அதுதான் என் வேதமாக இருந்தது.

3. நாற்பது நாள் கழித்து

போட்டு கரைக்கு வந்த மறுநாளே ததேயு கடைக்கு வந்தார். கிட்டாரை மேஜைமேல் வைத்தார். நான் முதலில் தந்திகளைத்தான் பார்த்தேன். நாற்பது நாள் கடலில் கிடந்த தந்தியில் ஒரு துளி துரு இல்லை. தூண்டில் முள்ளைத் துடைக்கிற பழக்கத்தில் தினமும் துடைத்து வைத்திருக்கிறார். அதைப் பாராட்டலாம் என்று வாயெடுக்கும் முன் அவர் சொல்லிவிட்டார்.

"இது செரியாவல்ல அக்கா."

"என்ன செரியாவல்ல?"

"சுருதி சேரமாட்டேங்குது. நான் வாசிச்சா ஆளுக அதுல நிக்கமாட்டேங்காவ. ரெண்டு வரியில விலகிப் போறாவ. முன்ன பாட்டு இல்லாம இருந்து, அவ்வளவுதான். இப்ப சண்டையா இருக்கு. இன்னொரு தடவ இப்படி ஆனா இத கரையில வச்சிட்டு வரணும்ணு ஸ்ராங்கு சொல்லியாச்சு."

ஸ்ராங்கு என்றால் போட்டை நடத்துகிறவர். அவர் வார்த்தைக்குக் கடலில் மறுபேச்சு இல்லை. அடுத்த பயணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

நான் கிட்டாரைச் சோதித்தேன். ஆறு தந்தியும் பச்சை. கழுத்து நேராக இருந்தது. பிரிட்ஜ் நான் வைத்தது வைத்தபடி. அவரையே பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன், ஒரு கார்டும் பிசகவில்லை. குறை இல்லாத இடத்தில் குறை சொல்கிறாரே என்று எனக்குள் சூடு ஏறத் தொடங்கியது.

அவர் மொபைலில் ஒரு பதிவு வைத்திருந்தார். கேட்டேன். எஞ்சின் உறுமல்தான் பெரிதாக இருந்தது. அதற்கு அடியில் பாட்டு. நான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே, அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எஞ்சின் இரைச்சலை வடிகட்டி எடுத்தேன். மிச்சம் தெளிவாகக் கேட்டது. கிட்டார் கச்சிதமாக டி-யில் நிற்கிறது. ஆட்கள் பாட்டைத் தொடங்கும்போது அதோடு இருக்கிறார்கள், போகப்போக மேலே ஏறிவிடுகிறார்கள்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். கிட்டாரில் குறையில்லை, உங்கள் ஆட்களுக்குத்தான் காது இல்லை என்று.

ததேயு கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் கிட்டாரை எடுத்து உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஒரு காரியம் கேக்கட்டா அக்கா? காது இல்லாதவனுக ஒன்பது பேரு. ஒன்பது பேரும் ஒண்ணுபோல எப்படித் தப்பாப் பாடுவானுக?"

"கிட்டார் இங்கயே இருக்கட்டு, வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

4. ஒன்பது பேரின் ஒரே தப்பு

காது இல்லாதவர்கள் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தர் ஏறுவார், ஒருத்தர் இறங்குவார். சேர்ந்து விலக மாட்டார்கள். வடிகட்டிய பதிவை மறுபடி போட்டு, ஆட்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று அளந்தேன். டி-க்கும் அதற்கு அடுத்த டி ஷார்ப்புக்கும் நடுவில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. ததேயுவிடம் போன் செய்து வேறு பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். அனுப்பினார். வேறொரு நாள், அதே பாட்டு. தொடக்கம் கிட்டாரோடு, முடிவு அதே இடத்தில். மயிரிழை மாறவில்லை.

எனக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. ஒன்பது மனிதர்கள், இரண்டு வெவ்வேறு நாளில், எந்தக் கருவியிலும் இல்லாத ஒரு ஸ்வரத்தைத் தேடிப் போய் நிற்கிறார்கள். யார் அவர்களுக்கு அதைக் கொடுக்கிறது?

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அவனுகளுக்குச் சுருதிப்பெட்டி யாரு போடுகா?"

"நடுக்கடல்ல சுருதிப்பெட்டி எங்க அண்ணாச்சி இருக்கும்?"

"இருக்கணுமே. சுருதி இல்லாம ஒருத்தன் நிக்கலாம். ஒன்பது பேரு நிக்கமாட்டானுக."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, சவலையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தக்கலையில் இறங்கி வேறு பஸ் மாறி, துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது காலை பத்து மணி. முப்பத்தோரு வருடத்தில் ஒரு கிட்டாருக்காக நான் போட்டில் ஏறியது அதுதான் முதலும் கடைசியும்.

5. யாரும் தொடாத கிட்டார்

ஸ்ராங்கு சூசையண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். ஐஸ் ஏற்றுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ததேயுவிடம் திரும்பினார்.

"கடையில இருந்து ஆளையே கூட்டிட்டு வந்தாச்சா? லேய், இது பிள்ளேரு விளையாடுகதாக்கும். இத வச்சா ஜெபத்துக்குப் பாட்டு?"

பிள்ளைக்கா என்று கேட்டுச் சிரித்தவள்தானே நானும். ததேயு படுத்துக்கொள்கிற பலகையைக் காட்டினார். சவலையை அதன் தலைமாட்டில் வைத்துப் பார்த்தேன், அளந்து செய்தது மாதிரிப் பொருந்தியது. தலையில் கிளிப் டியூனர் கவ்வியபடியே இருந்தது. சுருதி பார்க்கலாம் என்று அதை ஆன் செய்துவிட்டு, சூசையண்ணனிடம் ஒரு உதவி கேட்டேன்.

"சாயங்காலம் ஜெபம் சொல்லும்போது எஞ்சின் எந்த வேகத்துல ஓடுமோ, அதே வேகத்துல இப்ப கொஞ்சம் ஓட்டுவியளா அண்ணே?"

"அது எப்பளும் ஒரே வேகந்தான். அதுக்கு மேல ஏத்தினா டீசல் குடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சுக்கான் அறைக்குள் போனார்.

எஞ்சின் உயிர் பெற்றது. முதலில் இருமியது, பிறகு சீரானது. காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. நான் குனிந்து கிட்டாரை எடுக்கப் போனேன். அப்போது டியூனரின் திரையைப் பார்த்தேன்.

யாரும் கிட்டாரைத் தொடவில்லை. ததேயு எனக்குப் பின்னால் நிற்கிறார். தந்தியில் ஒரு விரல்கூடப் படவில்லை. ஆனால் திரையில் டி என்ற எழுத்து தெரிகிறது. முள் நடுவில் இல்லை, வலது பக்கம் சாய்ந்து ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது. டி-க்கும் டி ஷார்ப்புக்கும் நடுவில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே.

டியூனரைக் கழற்றிப் படுக்கைப் பலகையில் கவ்வ வைத்தேன். அதே எழுத்து, அதே சாய்வு. வெளியே வந்து கைப்பிடிக் கம்பியில் வைத்தேன். அதே. எஞ்சின் அறைக் கதவில் வைத்தேன், முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. போட்டு முழுவதும், ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு கம்பியும், ஒரே ஒரு ஸ்வரத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர்கள் நாற்பது நாள் அதன்மேல் நிற்கிறார்கள், அதன்மேல் சாப்பிடுகிறார்கள், அதன்மேல் தூங்குகிறார்கள். பிறகு பாடச் சொன்னால் வேறு எங்கே போய் நிற்பார்கள்?

நான் இரைச்சல் என்று வடிகட்டி எறிந்தது அவர்களுடைய சுருதியை.

ததேயுவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. சொல்லிப் புரியவைப்பதைவிட செய்து காட்டுவது மேல் என்று கிட்டாரைச் சோப்புப் பெட்டி ஸ்பீக்கரில் செருகினேன். டியூனரைக் கழற்றி என் பையில் போட்டேன். நாலாவது தந்திதான் டி. அதை மீட்டினேன். எஞ்சினின் உறுமலோடு அது சேராமல், வ்வாவ், வ்வாவ் என்று அடித்தது. இரண்டு சுருதி கிட்டத்தட்ட நெருங்கி, ஆனால் சேராமல் இருந்தால் இப்படித்தான் அலை அடிக்கும்.

"இந்த அடி கேக்குதா தம்பி?"

"கேக்குது."

"முறுக்கட்டா?"

முறுக்கினேன். அடி மெதுவானது. இன்னும் கொஞ்சம். இன்னும் மெதுவானது. ததேயு கையை நீட்டி, "நான் முறுக்குகேன்" என்றார். முறுக்காணியை அவரிடம் விட்டேன். இருபது வருடம் கடலைப் பார்த்தவர், தந்தியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு மயிரளவு மயிரளவாகத் திருகினார். நான்கூட அவ்வளவு பொறுமையாகத் திருகியதில்லை.

"அலை அடங்கிட்டு அக்கா."

உண்மையிலேயே அடங்கிவிட்டது. தந்தியும் எஞ்சினும் ஒரே சத்தம். எது எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த நாலாவது தந்தியை வைத்து மற்ற ஐந்தையும் காதாலேயே சேர்க்கிற வழியைக் காட்டினேன். டியூனரில் வைத்துப் பார்த்தால் ஆறும் தப்பு, ஒன்றிலும் பச்சை எரியாது. எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது.

6. கதவு

ததேயு டி கார்டை மீட்டினார். ஐஸ் ஏற்றுகிறவர்கள், வலை தைக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பாடவில்லை. போன பயணத்துச் சண்டை அப்படி. அவர் மறுபடி மீட்டினார். பின்பக்கம் சமையல் செய்கிற ஆள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் முதல் வரியைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த இரண்டாவது வரியில்தானே பிய்ந்து போகும்.

பிய்யவில்லை. மூன்றாவது வரியில் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் பாடினார்கள். நான் எத்தனையோ பெரிய தேவாலயங்களில், பழக்கப்பட்ட பாடகர் குழுக்களுக்குக் கருவி சரிசெய்து கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு சேர்மானத்தைக் கேட்டதில்லை. குரல்கள் அழகானவை என்று சொல்ல மாட்டேன், கரகரத்த குரல்கள்தான். ஆனால் ஒரு குரலுக்கும் மறு குரலுக்கும் நடுவில் காற்று நுழைய இடமில்லை. அடியில் எஞ்சின் தாங்கிக்கொண்டிருந்தது. சவலை எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டு போனது.

பாட்டு முடிந்தது. ததேயு கையை எடுத்துத் தந்திகளை மொத்தமாகப் பொத்தி அமர்த்தினார். பிறகு கையை விலக்கிக் கிட்டாரைப் பலகைமேல் வைத்தார். நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். நாலாவது தந்தி மறுபடி நடுங்கத் தொடங்கியது. யாரும் தொடாமல், எஞ்சினோடு சேர்ந்து, தானாக. மற்ற ஐந்து தந்தியும் சும்மா இருந்தன.

"அண்ணே, இஞ்ச வந்து இத கொஞ்சம் பாருங்க" என்று சூசையண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். விரலைத் தந்தியின் அருகே கொண்டுபோய், தொடாமல் வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். போட்டுக்கு ஒரு சுருதி இருக்கிறது, பாட்டை அதில் தொடங்கினால்தான் நிற்கும், வேறு எங்கே தொடங்கினாலும் எஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து எஞ்சின் அறைக் கதவைப் பார்த்தார்.

"ஜெபத்துக்கு மணி ஆவும்போ அந்தப் பய அந்தக் கதவுலதான் தலைய சாச்சு இருப்பான்."

யார் என்று நான் கேட்கவில்லை. ததேயுவின் முகத்தைப் பார்த்தேன், தெரிந்தது.

"கண்ண மூடிட்டு இருப்பான். தூங்குகான்ணு நெனச்சேன். ஜெபம் சொல்லுக நேரத்துல ஒறக்கமா லேய்ணு எத்தனை நாளு ஏசியிருக்கேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லமாட்டான். சிரிச்சிட்டு எந்திச்சு வந்து பாட்டத் தொடங்குவான்." அவர் கதவையே பார்த்து நின்றார். "கேட்டுட்டு இருந்திருக்கான். நான் ஏசியிருக்கேன்."

ததேயு எஞ்சின் அறைக் கதவருகே போய் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்தார். மூன்று வருடமாகத் தம்பி எங்கிருந்து அந்தத் தொடக்கத்தை எடுத்தான் என்று தேடியவர், அந்த இடத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வலை தைக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் எஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள ஒரு கருவியும் இல்லாமல், மொபைலும் டியூனரும் இல்லாமல், ஒரு மீன்பிடிக்காரன் தினமும் ஒரு கதவில் காது வைத்து எடுத்த ஸ்வரம் அது. முப்பத்தோரு வருடம் சுருதி சேர்த்த நான் அவன் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லாதவள் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

7. நான் மாற்றிக்கொண்டது

டியூனரை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. அது நல்ல கருவி, கடையில் தினமும் வேண்டும். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, கிட்டார் வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் எந்த மாடல் வேண்டும் என்று கேட்பேன். பிறகு, எங்கே வாசிக்கப் போகிறீர்கள், அங்கே வேறு என்ன சத்தம் இருக்கும், கூட யார் பாடுவார்கள் என்று கேட்டேன். ஒருத்தர் குறை சொல்லி வந்தால், குறை கருவியில் இல்லை என்று தெரிந்த பிறகும் அவரை அனுப்பிவிடாதீர்கள். கருவியில் இல்லாத குறை வேறு எங்கோ இருக்கிறது. தேடிப் போய்ப் பாருங்கள். முடிந்தால் பஸ் ஏறிப் போங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

அடுத்த பயணம் முடிந்து ததேயு கடைக்கு வந்தார். கையில் கிட்டார் இல்லை.

"அத எங்க தம்பி?"

"போட்டுலயே இருக்கு. ஸ்ராங்கு கரைக்கு எறக்க விடல்ல."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் ஆட்களுக்குக் காது இல்லை என்று சொன்னேனே, அதற்கு. அவர் கூச்சப்பட்டு, "அதெல்லாம் விடுங்கக்கா" என்று மொபைலை நீட்டினார். புதுப் பதிவு. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையும் வடிகட்டாமல் கேட்டேன். பிறகு அண்ணாச்சியின் காதில் மாட்டினேன். அவர் முழுப்பாட்டையும் கேட்டார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஹெட்போனைக் கழற்றி, "கொள்ளாம்" என்று ஒரே ஒரு பாராட்டு வார்த்தை சொல்லிவிட்டு ஆர்மோனியத்தின் பக்கம் போனார்.

பதிவோடு ஒரு போட்டோவும் இருந்தது. எஞ்சின் அறைக் கதவில் சாய்ந்து ததேயு உட்கார்ந்திருக்கிறார், மடியில் சவலை. கண் மூடியிருக்கிறது.

"இப்ப ஒங்க ஸ்ராங்கு ஏசமாட்டாவளா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றார் ததேயு. "ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்ன அவியளும் வந்து, எனக்க பக்கத்துல தலைய சாச்சு இருப்பாவ."